பேட்டரி போன பழைய லேப்டாப்பை ஓட வைப்பது: அறிகுறி பார்த்து வழி

என்னிடம் வரும் பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலானவை பேட்டரி செத்தவை. 2011இல் தொடங்கி பிளஸ் டூ மாணவர்களுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகள் வரும். கம்பெனிகள் கழித்துவிட்டு செகண்ட் ஹேண்டில் விற்ற டெல், எச்பி, லெனோவா வரும். கொண்டு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "பேட்டரி மாத்தணுமா, இல்ல வேற லேப்டாப்பே வாங்கிடலாமா?" பல நேரம் இரண்டும் வேண்டாம். சார்ஜரில் ஓடுகிற வரைக்கும் அது ஒரு மேசைக் கணினி என்று வைத்துக்கொண்டு, மேசைக் கணினிக்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்தால் இன்னும் சில வருடம் ஓடும். கோளாறு சார்ஜரில் இருக்க, பேட்டரி வாங்கிக் காசைத் தொலைத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உங்கள் லேப்டாப்புக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் பார்த்துவிட்டுப் போங்கள்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில்: பேட்டரி உப்பியிருக்கிறதா?

லேப்டாப்பை மூடி, சமமான மேசை மேல் வைத்து, ஒரு மூலையை விரலால் லேசாகச் சுற்றி விடுங்கள். ரப்பர் கால்கள் நான்கும் மேசையைப் பிடித்திருந்தால் அசையாது. நடுவயிற்றில் நின்று சுழன்றால் அடிப்பக்கம் புடைத்திருக்கிறது. டச்பேடு ஒரு பக்கம் தூக்கி நிற்பது, அழுத்தினால் 'டிக்' சத்தம் வராமல் போவது, கீபோர்டு நடுவில் மேடாக இருப்பது, மூடி முழுதாகப் பொருந்தாமல் இடைவெளி தெரிவது எல்லாம் இதே சங்கதிதான். டச்பேடு வேலை செய்யவில்லை என்று கொண்டு வருவார்கள். திறந்து பார்த்தால் டச்பேடில் ஒன்றுமே இருக்காது, அடியில் பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருக்கும்.

உப்பியிருந்தால் கீழே சொல்லும் சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கி லேப்டாப்பை அணையுங்கள். வெளியே கழற்றுகிற வகை என்றால் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். உள்ளே இருக்கிற வகை என்றால் அழுத்தாமல், வளைக்காமல், நெம்பாமல் கடைக்குக் கொண்டு போங்கள். சில மாடல்களில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் குத்திவிட்டால் தீப்பிடிக்கும். காற்றை எடுத்துவிடலாம் என்று ஊசியால் குத்தச் சொல்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். கழற்றியதைக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. 2022இல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கிறது. அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரிலோ, மின்கழிவு வாங்கும் இடத்திலோ கொடுங்கள்.

## சார்ஜரைப் பிடுங்கியதும் உடனே அணைந்துவிடுகிறது

பேட்டரி போய்விட்டது என்பது இதில் அநேகமாக உறுதி. இருந்தாலும் காசு செலவழிக்கும் முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள்.

கழற்றுகிற பேட்டரி என்றால் கழற்றி, அதன் பித்தளைத் தகடுகளையும் லேப்டாப் பக்கம் இருக்கும் பற்களையும் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து, 'டக்' என்று பூட்டும்வரை மாட்டுங்கள். பூட்டு தேய்ந்து பேட்டரி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

அடுத்து விண்டோஸையே கேளுங்கள். கட்டளைச் சாளரத்தை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து, 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்தையும் ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கேள்விக்குறி இருக்கும் விசையில் உள்ள சாய்கோடு போட்டு, 'பேட்டரி ரிப்போர்ட்' என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டினால் ஓர் அறிக்கை தயாராகும். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதையும் அங்கேயே காட்டும். அதில் டிசைன் கெப்பாசிட்டி என்பது பிறந்தபோது இருந்த கொள்ளளவு, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இன்று மிச்சம் இருப்பது. 48,000 என்று இருந்தது 5,000க்கு வந்திருந்தால் பேட்டரி முடிந்தது. 30,000க்கு மேல் காட்டியும் உடனே அணைகிறது என்றால், ஒரு செல் மட்டும் படுத்திருக்கலாம், அல்லது பேட்டரி ஒயர் இணைப்பில் கோளாறு.

முடிந்தது என்று தெரிந்துவிட்டால் கழற்றுகிற பேட்டரியைக் கழற்றிவிட்டே ஓட்டுங்கள். செத்த பேட்டரியை உள்ளேயே வைத்து ஓட்டினால் சார்ஜர் அதை ஏற்றிப் பார்த்துக்கொண்டே இருக்கும், சூடாகும், பிறகு உப்பும். சில மாடல்களில் பின்பக்க ரப்பர் கால் பேட்டரியிலேயே இருக்கும். கழற்றியதும் லேப்டாப் சாய்ந்து உட்காரும். பழைய அழிரப்பர் இரண்டை ஒட்டினால் போதும்.

உள்ளே இருக்கிற பேட்டரி என்றால் சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை முழுதாக அணைத்து, அடிமூடியைக் கழற்றி, மதர்போர்டில் செருகியிருக்கும் பேட்டரி கனெக்டரை மட்டும் நகத்தாலோ பழைய ஏடிஎம் கார்டின் முனையாலோ எடுத்துவிடுங்கள். உலோகம் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. லெனோவாவின் திங்க்பேடு வரிசையில் பல மாடல்களில் பயோஸுக்குள் (ஆன் ஆகும்போது விண்டோஸுக்கு முன்பே திறக்கிற அமைப்புப் பக்கம்) பவர் பிரிவில் உள் பேட்டரியை முடக்கி வைக்கும் வசதி இருக்கும். மூடியைத் திறக்கும் முன் அதைச் செய்துவிட்டால் பாதுகாப்பு. அடிமூடி திறந்து பழக்கமில்லை என்றால் கடையில் பத்து நிமிட வேலை, கொடுத்துவிடுங்கள்.

பேட்டரி இல்லாமல் ஓடாத லேப்டாப்புகளும் உண்டு. டேப்லெட் போல மெல்லிசாக இருக்கிறவை, டைப்-சி சார்ஜரில் மட்டும் ஓடுகிறவை சில, பேட்டரி இல்லையென்றால் ஆன் ஆகவே ஆகாது. அவற்றுக்குப் புது பேட்டரிதான் வழி.

## 'ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று காட்டுகிறது

இந்த வாசகத்தைப் பார்த்ததும் பேட்டரி வாங்க ஓடாதீர்கள். எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். 60 அல்லது 80 சதவீதத்தில் நின்றால் அது கோளாறே இல்லை. பேட்டரி ஆயுளுக்காகச் சார்ஜை நிறுத்தி வைக்கும் அமைப்பை யாரோ போட்டிருக்கிறார்கள். லெனோவாவில் கன்சர்வேஷன் மோடு என்று இருக்கும். மற்ற பிராண்டுகளிலும் அவரவர் ஆப்பிலோ பயோஸிலோ இருக்கும்.

0 சதவீதத்திலோ வேறு ஏதோ எண்ணிலோ நின்றால் டிவைஸ் மேனேஜரில் பேட்டரிஸ் என்ற வரியை விரித்து, மைக்ரோசாஃப்ட் ஏசிபிஐ என்று தொடங்கும் பேட்டரியை அன்இன்ஸ்டால் செய்து, லேப்டாப்பை அணைத்து ஆன் செய்யுங்கள். விண்டோஸ் தானாகத் திரும்பப் போட்டுக்கொள்ளும். செலவில்லாத வைத்தியம், சில நேரம் கேட்கும்.

கேட்கவில்லையா? சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். டெல்லில் ஆன் ஆகும்போதே 'அடாப்டர் வகையைக் கண்டறிய முடியவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எச்சரிக்கை வரும். டெல், எச்பி சார்ஜர்களின் உருண்டை பின் நடுவில் ஊசி போல மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். சார்ஜர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அந்தக் கம்பிதான். அது வளைந்தாலோ, ஒயருக்குள் அறுந்தாலோ, சார்ஜர் மலிவான டூப்ளிகேட் என்றாலோ, லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது. பயோஸுக்குள் போய் அடாப்டர் எத்தனை வாட் என்று காட்டுகிறதா பாருங்கள். அங்கேயும் தெரியவில்லை என்று வந்தால், அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் ஒரிஜினல் சார்ஜரை ஒரு நாள் வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஏறினால் உங்கள் சார்ஜர்தான் கோளாறு. அதுவும் ஏறவில்லை என்றால் லேப்டாப்பில் சார்ஜர் செருகும் ஜாக், அப்புறம் பேட்டரி, கடைசியாக மதர்போர்டு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். செலவு ஏறுகிற வரிசையும் இதுதான்.

## சார்ஜர் போட்டாலும் ஆன் ஆகவில்லை

ப்ளக் பாயிண்டில் செல்போன் சார்ஜரைப் போட்டுப் பார்த்தீர்களா? கேட்டால் கோபம் வரும், ஆனால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போய்விட்டதைத் தெரியாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அடுத்து சுவரிலிருந்து அடாப்டர் பெட்டிக்கு வரும் மூன்று ஓட்டை ஒயர். இது பெட்டியில் தளர்ந்து நிற்பது சகஜம். அழுத்திச் செருகுங்கள்.

சரி, அடாப்டரில் விளக்கு எரிகிறதா? லேப்டாப்பில் செருகாமல் தனியாக வைத்துப் பாருங்கள்.

*விளக்கு எரியவே இல்லை:* அடாப்டர் அல்லது ஒயர் போய்விட்டது. விளக்கே இல்லாத மாடல் என்றால் மல்டிமீட்டரை டிசி 200 வோல்ட் நிலையில் வைத்து, சிவப்பு முனையைப் பின்னின் உட்பக்கச் சுவரிலும் (நடு ஊசி இருந்தால் அதில் அல்ல) கறுப்பை வெளிப்பக்கத்திலும் தொட்டுப் பாருங்கள். லேபிளில் போட்டிருக்கும் வோல்ட்டுக்கு ஒட்டி வர வேண்டும்.

*தனியாக எரிகிறது, லேப்டாப்பில் செருகியதும் அணைகிறது:* இதை உற்றுப் பாருங்கள். சார்ஜர் பின் உள்ளே போன அந்த நொடியில் பச்சை விளக்கு பொட்டென்று அணைந்து, வெளியே எடுத்த சில நொடியில் திரும்ப வந்தால், லேப்டாப்புக்குள் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது, அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு மறுபடி செருகுங்கள். இப்போது விளக்கு நின்றால் குற்றவாளி பேட்டரி. அப்போதும் அணைந்தால் மதர்போர்டில் இருக்கும் சின்னச் சின்ன பாகங்களையே மாற்றுகிற, அதாவது சிப் லெவல் சர்வீஸ் செய்கிற கடைக்குத்தான் போக வேண்டும். திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதீர்கள்.

*விளக்கு நிற்கிறது, லேப்டாப் ஆன் ஆகவில்லை:* சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை முப்பது நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். பழைய லேப்டாப்பில் இது ஆச்சரியப்படும் அளவுக்கு வேலை செய்யும். செய்யவில்லை என்றால் பின்னை மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் உயிர் வந்தால் ஜாக் தேய்ந்திருக்கிறது. ஜாக் ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தாலோ, கை வைத்தால் சுட்டாலோ உடனே நிறுத்துங்கள். பல மாடல்களில் ஜாக் ஒயரோடு தனியாக வரும், கழற்றி மாட்டுகிற வேலைதான். சிலவற்றில் மதர்போர்டிலேயே பற்ற வைத்திருக்கும், அதற்குக் கூலி கூட. எது என்று கடையில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஜாக்கும் நன்றாக, அடாப்டரும் நன்றாக இருந்து ஆன் ஆகவில்லை என்றால் இனி வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. "மதர்போர்டு போச்சு" என்று ஒரே வார்த்தையில் முடிக்கிற கடையில் விடாதீர்கள். சார்ஜிங் வரியில் மாஸ்ஃபெட், கப்பாசிட்டர் போன்ற ஒரு சின்ன பாகம் ஷார்ட் ஆகியிருந்தால் அதை மட்டும் மாற்ற முடியும். பழைய லேப்டாப்புக்கு மதர்போர்டு மாற்றும் செலவைச் செய்வது எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காசில் அதே மாடலை செகண்ட் ஹேண்டில் பார்க்கலாம்.

## ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம்

பேட்டரி போன லேப்டாப்பில் அதிகம் ஏமாற்றுகிற கோளாறு இது. நேற்றுவரை ஒழுங்காக ஓடியது, பேட்டரி செத்த பிறகு ஒரு ஃபோல்டர் திறக்கவே நேரமாகிறது. வைரஸ் என்பார்கள், ஃபார்மேட் போடுவார்கள், எஸ்எஸ்டி வாங்குவார்கள். எதுவும் மாறாது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூவைச் சொடுக்கி, ஸ்பீடு என்ற எண்ணைப் பாருங்கள். ஏதாவது வேலை கொடுத்தபடியே பார்க்க வேண்டும். 2, 3 கிகாஹெர்ட்ஸ் என்று ஏறி இறங்கினால் கோளாறு வேறு எங்கோ. 0.39 அல்லது 0.78 என்று ஆணி அடித்தது போல நின்றால், லேப்டாப் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறது. கரண்ட் போதாது என்று பயந்து செய்கிற வேலை அது.

முதலில் பவர் ஆப்ஷனில் பவர் சேவர் இருந்தால் பேலன்ஸ்டுக்கு மாற்றுங்கள். அடுத்து, 'நாட் சார்ஜிங்' தலைப்பில் சொன்னபடி சார்ஜரை லேப்டாப் அடையாளம் காண்கிறதா பாருங்கள். டெல்லில் இந்தப் பிரச்சினைக்கு முதல் காரணம் சார்ஜர் பின்னின் நடு ஊசிதான். லேபிளையும் படியுங்கள்: 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட். 4.62 ஆம்பியர் என்றால் 90 வாட். வோல்ட்டும் சார்ஜர் பின்னும் ஒன்றாக இருந்தால் ஆம்பியர் கூடிய சார்ஜரைத் தாராளமாகப் போடலாம், குறைந்ததைத்தான் போடக்கூடாது. பேட்டரி கைகொடுக்காத லேப்டாப்புக்கு 65க்குப் பதில் 90 வாட் ஒரிஜினல் சார்ஜர் போட்டதும் வேகம் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு முறை, மாட்டிவிட்டு ஒரு முறை அதே எண்ணைப் பாருங்கள். செத்த பேட்டரியைக் கழற்றியதும் வேகம் வருகிற லேப்டாப்பும் உண்டு. பேட்டரி உள்ளே இருந்தால்தான் ஓடுவேன் என்கிற லேப்டாப்பும் உண்டு. இரண்டாவது வகை என்றால், பேட்டரி உப்பாத வரை உள்ளேயே இருக்கட்டும். மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சுழற்றும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

எதற்கும் மசியவில்லை, இன்டெல் சிபியூ என்றால் த்ராட்டில்ஸ்டாப் என்ற இலவச மென்பொருளில் 'பிடி ப்ராக்ஹாட்' என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் வேகம் வரும். சிபியூ தன் சொந்தச் சூட்டைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளும் பாதுகாப்பு இதனால் போகாது. மற்ற உறுப்புகள் அனுப்பும் எச்சரிக்கை மட்டும் காதில் விழாமல் போகும். அதனால் சரியான வாட் சார்ஜர் இருந்து, ஃபேன் சுத்தமாக ஓடினால் மட்டும் இதைச் செய்யுங்கள். அடாப்டர் கை வைக்க முடியாத அளவு சுட்டால் திரும்ப டிக் போட்டுவிடுங்கள்.

## ஒவ்வொரு முறையும் தேதி, நேரம் மாறிவிடுகிறது

சார்ஜரைப் பிடுங்கி வைத்துவிட்டு மறுநாள் ஆன் செய்தால் பல வருடம் முந்தைய தேதி. பிரவுசர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று மிரட்டும். இணையத்தில் கோளாறில்லை, தேதிதான் தப்பு.

தேதி, நேரத்தைக் காத்து வைக்கும் சின்ன சிமோஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பட்டன் செல். லேப்டாப்பில் அது வெறும் செல்லாக இல்லாமல் இரண்டு ஒயரும் சின்ன கனெக்டரும் சேர்த்து, கறுப்பு உறை போட்டு வரும். கனெக்டர் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வாங்குங்கள். சில புதிய மாடல்களில் இந்தச் செல்லே கிடையாது, கடிகாரம் பெரிய பேட்டரியை நம்பித்தான் ஓடும். அப்படியென்றால் சார்ஜரைப் பிடுங்காமலேயே வைத்திருங்கள், அல்லது ஆன் ஆனதும் நேரத்தை இணையத்திலிருந்து ஒத்திசைக்கும்படி வையுங்கள்.

## கரண்ட் கண் சிமிட்டினாலே அணைகிறது

இது கோளாறு இல்லை, பேட்டரி இல்லாத கணினியின் சுபாவம். ஆனால் கவனிக்காமல் விட்டால் ஹார்டு டிஸ்க் போய்விடும், பேட்டரியைவிட அதுதான் பெரிய நஷ்டம்.

காசில்லாத வேலைகள் முதலில். ஸ்லீப்பை மறந்துவிடுங்கள். மூடியை மூடினால் ஹைபர்நேட் (திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணைவது) ஆகும்படி பவர் ஆப்ஷனில் மாற்றுங்கள். வேர்டில் தானாகச் சேமிக்கும் இடைவெளி பத்து நிமிடம் என்று இருக்கும், இரண்டாக்குங்கள். லிப்ரே ஆபீஸிலும் அப்படியே. சார்ஜர் ஒயர் நடைபாதையில் குறுக்கே போகக் கூடாது. மேசைக் காலில் ஒரு சுற்று சுற்றிக் கட்டிவிடுங்கள். கரண்ட் போய் அணைவதைவிட, குழந்தை கால் தடுக்கி அணைவதுதான் வீடுகளில் அதிகம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் யூபிஎஸ் மோடு என்ற சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதா நிலையில் கரண்ட் மாறுகிற நேரத்துக்குள் லேப்டாப் அணைந்துவிடும். யூபிஎஸ் நிலையில் அநேகமாகத் தாங்கும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் மேசைக் கணினிக்குப் போடும் 600 விஏ யூபிஎஸ் போதும். லேப்டாப் இழுப்பது குறைவு என்பதால், யூபிஎஸ் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் அரை மணி நேரமாவது வரும். வைஃபை ரவுட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் இதற்கு ஆகாது, லேப்டாப்புக்கு 19 வோல்ட் வேண்டும். ஸ்டெபிலைசரும் தேவையில்லை. அடாப்டர் லேபிளில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் லோ வோல்டேஜ் அதை ஒன்றும் செய்யாது. இடி மின்னல் என்றால் மட்டும் பிடுங்கிவிடுங்கள்.

பேட்டரி இல்லாமல் பயோஸ் அப்டேட் செய்ய முயலாதீர்கள். பல லேப்டாப்புகள் விடவே விடாது. விட்டாலும் நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டு முடங்கும்.

## தொட்டால் சுர்ரென்கிறது

எப்போதும் சார்ஜரில் ஓடுவதால் உலோக உடம்பு லேப்டாப்புகளில் மணிக்கட்டில் மெல்லிய அதிர்வு தெரியும். மூன்று பின் ப்ளக்கை இரண்டு பின் சாக்கெட்டில் போட்டாலோ, சாக்கெட்டில் எர்த் ஒயரே இல்லாவிட்டாலோ இப்படி ஆகும். எர்த் உள்ள பாயிண்டுக்கு மாற்றுங்கள். அங்கும் அடித்தால் அடாப்டரை மாற்றுங்கள். வேறு சாமானைத் தொட்டாலும் அடிக்கிறது என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அது வீட்டு ஒயரிங்.

## புது பேட்டரி போட்டும் அதே கதை

லேப்டாப் மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று வகை பேட்டரி வந்திருக்கும். பழைய பேட்டரியின் மேல் இருக்கும் பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். 10.8, 11.1 வோல்ட் இரண்டும் மூன்று செல் வரிசைதான், ஒன்றுக்கு ஒன்று ஒத்துப்போகும். 14.4, 14.8 அப்படியே. 11.1 இருந்த இடத்தில் 14.8 ஆகாது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டானாலும் ஆன்லைனானாலும், 'புதுசு' என்று வருவது பல வருடம் அலமாரியில் கிடந்ததாக இருக்கலாம். லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் கிழடாகும். தயாரித்த தேதியைக் கேளுங்கள். பழைய பேட்டரியைப் பிரித்து உள்ளே புது செல் வைத்துத் தருகிறேன் என்பவர்களிடம் நான் கொடுக்க மாட்டேன். செல்களை மாற்றினாலும் பேட்டரிக்குள் இருக்கும் சிப் 'நான் செத்துவிட்டேன்' என்று பூட்டிக்கொண்டிருந்தால் சார்ஜ் ஏறாது, வெல்டிங் சரியில்லை என்றால் தீ பயமும் உண்டு.

வாங்கி வந்த அன்றே முழுக்க ஏற்றி, ஒரு முறை பத்து சதவீதம் வரை இறக்கி, மறுபடி ஏற்றிவிட்டு, 'உடனே அணைந்துவிடுகிறது' தலைப்பில் சொன்ன பேட்டரி அறிக்கையை எடுங்கள். டிசைன் கெப்பாசிட்டியும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பாதிதான் இருக்கிறது என்றால் அறிக்கையைப் பிரின்ட் எடுத்து, பில்லோடு அந்த வாரமே கடைக்குத் திருப்பிக் கொண்டு போங்கள்.